டெரைன் பார்க் பணியாளர்களின் தொழில் வாழ்க்கை

டெரைன் பார்க் என்பது பனிச்சறுக்குத் தளங்களில் குதிமேடைகள், ரெயில்கள், பாக்ஸ்கள், அரைக்குழாய் ஆகியவற்றை அமைத்து, சாகசச் சறுக்கலுக்கென ஒதுக்கப்படும் பகுதி ஆகும். இதைக் கட்டிப் பராமரிப்பவர்கள் வட அமெரிக்காவில் பார்க் குழுவினர் என்றும், ஐரோப்பாவில் ஷேப்பர்கள் என்றும் அழைக்கப்படுகின்றனர். கையில் ரேக் எனப்படும் பல்வாரியுடன் விளிம்புகளைச் செதுக்கும் முதல் பருவ இளைஞர் முதல், ஒலிம்பிக் போட்டிக்கான தடத்தை வடிவமைக்கும் ஒப்பந்தக்காரர் வரை பலரும் இத்தொழிலில் அடங்குவர். இதற்குள் நுழைவது எளிது. ஆனால் நிலைத்து நிற்பது கடினம். வேலை ஆண்டில் ஐந்து மாதமே கிடைக்கிறது, இரவிலும் விடியலிலும் உழைக்க வேண்டியிருக்கிறது, மேலே போகப் போக பிறருடைய முதுகெலும்புக்குப் பொறுப்பேற்க வேண்டியும் இருக்கிறது.

தொழில் உருவான விதம்

இத்தொழிலுக்கு அரை நூற்றாண்டு வயது கூட ஆகவில்லை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ கட்டைகளை இணைத்து உருவாக்கிய ஸ்னர்ஃபர் என்ற விளையாட்டுப் பொருளிலிருந்து ஸ்நோபோர்டு வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான பனிச்சறுக்குத் தளங்கள் ஸ்நோபோர்டுக்காரர்களை உள்ளே விடவில்லை. 1983-ல் கலிபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் டாம் சிம்ஸ் நடத்திய போட்டிக்கான அரைக்குழாய் மண்வெட்டியால் வெட்டப்பட்டது. அப்போது இதைச் சம்பளத்துக்குச் செய்வோர் என்று தனியாக யாரும் இருக்கவில்லை. சறுக்க விரும்பியவர்களே தோண்டிக்கொண்டார்கள்.

1990-ல் கொலராடோவின் வெய்ல் தளம் ஸ்நோபோர்டுக்காரர்களுக்கென ஒரு பூங்காவை அமைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கொலராடோவைச் சேர்ந்த டக் வா என்பவர் பைப் டிராகன் என்ற இயந்திரத்தை உருவாக்கினார். பனி இயந்திரத்தில் பொருத்தப்படும் இக்கருவி, அரைக்குழாயின் வளைந்த சுவரை ஒரே ஓட்டத்தில் சீவிக்கொண்டு போகும். பல நாள் மண்வெட்டி வேலையை இது சில மணி நேரமாகச் சுருக்கியது. ஆட்கள் தேவைப்படாமல் போயிருக்க வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது நேர்மாறானது. அரைக்குழாய் வைப்பது எளிதானதும் பல தளங்கள் அதை வைக்கத் தொடங்கின. அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியது.

1997-ல் முதல் குளிர்கால எக்ஸ் கேம்ஸ் கலிபோர்னியாவின் ஸ்னோ சம்மிட்டில் நடந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டு அரைக்குழாய் இடம்பெற்றது. அதே காலத்தில் இரு முனையும் வளைந்த ஸ்கீக்கள் சந்தைக்கு வந்ததால், அதுவரை விலகி நின்ற ஸ்கீ இளைஞர்களும் பூங்காவுக்குள் வந்தனர். 2014 சோச்சியில் ஸ்லோப்ஸ்டைலும், 2018 பியோங்சாங்கில் ஸ்நோபோர்டு பிக் ஏரும் ஒலிம்பிக்கில் சேர்ந்தன. இன்று ஓரளவு பெரிய தளம் எதுவும் பூங்கா இல்லாமல் இளைஞர்களை ஈர்க்க முடியாது.

முதல் படி: ரேக்

புதிதாகச் சேருபவரின் நாள் பூங்கா திறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தொடங்குகிறது. இரவெல்லாம் இயந்திரம் ஓடிய பிறகும், அதன் கத்தியும் உழுகருவியும் எட்டாத இடங்கள் மிஞ்சும். குதிமேடையின் விளிம்பு, ரெயிலின் ஏறுவாய், ரெயில் கால்களைச் சுற்றியுள்ள பள்ளங்கள் போன்றவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பயன்படும் ரேக்கின் ஒரு பக்கம் பற்கள் இருக்கும். அவை உறைந்த பனியைக் கீறித் தளர்த்தும். மறுபக்கம் தட்டையானது. தளர்ந்த பனியை அது வழித்துச் சமப்படுத்தும். நெல் நடவுக்கு முன் வயலில் பரம்படிப்பவர் மேடு பள்ளத்தைக் காலால் உணர்வது போல, பழகிய ஷேப்பர் ரேக்கின் இழுவையிலேயே பனியின் நிலையைச் சொல்லிவிடுவார்.

அதன் பின் சோதனை. குழுவில் ஒருவர் ஒவ்வொரு அமைப்பிலும் தாமே சறுக்கிப் பார்க்கிறார். வேகம் போதுமா, விளிம்பு சீராக உள்ளதா, இறங்குசரிவு இறுகிப்போய் இருக்கிறதா, ரெயிலில் திருகு ஏதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கயிறு அவிழ்க்கப்படுகிறது. ஒரு குதிமேடை சரியில்லை என்றால் அதன் ஏறுவாயில் மூங்கில் கழிகளைக் குறுக்காக நட்டு மூடுகிறார்கள். விளிம்பின் ஓரத்தில் நீலம் அல்லது இளஞ்சிவப்புச் சாயக் கோடு இடுவதும் காலை வேலைதான். மேகமூட்டமான நாளில் வெள்ளைமேல் வெள்ளையாகத் தெரியும் பனியில், அந்தக் கோடு இல்லாவிட்டால் சறுக்குபவருக்கு விளிம்பு எங்கே முடிகிறது என்பது தெரியாது.

பகல் முழுவதும் இந்த வேலை ஓய்வதில்லை. நூறு பேர் ஒரே இடத்தில் குதித்தால் இறங்கும் இடத்தில் குழி விழும். வெயில் ஏறினால் பனி இளகி வேகம் குறையும். வெயில் இறங்கினால் அதே பனி கண்ணாடியாக உறையும். காலையில் சரியாக இருந்த குதிமேடை மதியம் 3 மணிக்கு வேறொரு குதிமேடையாக மாறியிருக்கலாம். எதைத் திருத்துவது, எதை மூடுவது என்ற முடிவைப் பத்தொன்பது இருபது வயதுக்காரர்கள் எடுக்க வேண்டியிருக்கிறது. மூடினால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். மூடாமல் விட்டால் அதைவிட மோசமான ஒன்றைக் கேட்க நேரலாம்.

இவை எல்லாம் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. திறந்த நேரம், வெப்பநிலை, பனியின் தன்மை, எந்த அமைப்பு எப்போது மூடப்பட்டது, யார் சோதித்தது ஆகியவை அதில் இருக்கும். ரேக் பிடிக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு இந்த எழுத்து வேலை சலிப்பூட்டும். ஆனால் விபத்து ஒன்று நீதிமன்றம் வரை போனால், முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவேடே. ஒழுங்காக எழுதும் பழக்கம் உள்ளவர்தான் இரண்டாம், மூன்றாம் பருவத்தில் குழுத் தலைவராக உயர்கிறார் என்பது இத்தொழிலில் பரவலாகக் காணப்படும் உண்மை. சறுக்குத் திறமையை விட இது அதிகம் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இயந்திர இருக்கை

குழுத் தலைவருக்கு அடுத்த படி ஸ்னோகேட் எனப்படும் சங்கிலிச்சக்கரப் பனி இயந்திரத்தை ஓட்டுவது. பலருக்கும் இந்தத் தொழிலின் உண்மையான இலக்கு இந்த இருக்கைதான். ஜெர்மனியின் கேஸ்போரர் நிறுவனத்தின் பிஸ்டன்புல்லியும், இத்தாலியின் பிரினோத் நிறுவனத்தின் இயந்திரங்களும் உலகச் சந்தையில் பெரும்பங்கு வகிக்கின்றன. இரண்டு நிறுவனங்களும் பூங்கா வேலைக்கென்றே தனி வகைகளை உருவாக்கியுள்ளன. அவற்றின் முன்கத்தி சாதாரண இயந்திரத்தின் கத்தியை விட அதிகக் கோணங்களில் திரும்பும். பின்னால் உள்ள உழுகருவியும் கூடுதலாக உயர்ந்து சாய்ந்து, குதிமேடையின் வளைவை ஒட்டியே செல்லும்.

இயந்திரத்தின் விலை பல லட்சம் டாலர் என்பதால் புதியவரிடம் எந்தத் தளமும் அதை உடனே ஒப்படைப்பதில்லை. பொதுவாக ஒருவர் முதலில் சாதாரணச் சறுக்குப் பாதைகளை இரவில் சமன்செய்யும் குழுவில் ஒன்றிரண்டு பருவம் ஓட்டிப் பழகுகிறார். பின்னர் பூங்காவில் மூத்த ஓட்டுநர் ஒருவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்கிறார். பெரிய குதிமேடை ஒன்றுக்கான பனியைத் தள்ளிச் சேர்ப்பதற்கே பல இரவுகள் ஆகும். அதற்கு முன், காற்று போதுமான அளவு குளிர்ந்திருக்கும் இரவுகளில் பனித் துப்பாக்கிகள் மலை போல் செயற்கைப் பனியைக் குவித்திருக்க வேண்டும். இயற்கைப் பனியை விடச் செயற்கைப் பனி அடர்த்தி மிக்கது. வடிவம் கலையாமல் நிற்பதால் பூங்கா கட்டுபவர்கள் அதையே விரும்புகின்றனர்.

வேலை நேரம் மாலை 4 மணியிலிருந்து நள்ளிரவு வரையும், நள்ளிரவிலிருந்து விடியல் வரையும் இரு முறைகளாகப் பிரிக்கப்படுவது வழக்கம். தனிமையான வேலை இது. விளக்கொளி படும் சில மீட்டர்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. செங்குத்தான இடங்களில் இயந்திரம் வழுக்காமலிருக்க, மேலே ஒரு நங்கூரத்தில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகு வடத்தின் பிடியில் இயங்குகிறது. தளர்ந்து பனிக்குள் கிடக்கும் அந்த வடம் இழுபட்டதும் சட்டென்று காற்றில் எழும். மூடிய பாதையில் இரவில் திருட்டுத்தனமாகச் சறுக்க வருவோர் இந்த வடத்தில் மோதி உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. ஆதலால் வடம் பயன்படும் சரிவை மூடி எச்சரிக்கைப் பலகை வைப்பது ஓட்டுநரின் முதல் கடமையாகக் கற்பிக்கப்படுகிறது.

அரைக்குழாய் வெட்டுவது இதற்குள்ளும் ஒரு தனிக் கலை. போட்டித் தரமுள்ள அரைக்குழாயின் சுவர் 22 அடி, அதாவது 6.7 மீட்டர் உயரம். சுவிட்சர்லாந்தின் சாவ்க் நிறுவனம் செய்யும் பெரிய வெட்டுகருவி இந்த உயரத்தைச் சாத்தியமாக்கியது. சுவரின் உச்சி நேர்க்குத்துக்குச் சற்றுக் குறைவாக முடிய வேண்டும். ஒரு பாகை கூடினால் வீரர் காற்றில் எழுந்து மீண்டும் சுவருக்கு வராமல் அடித்தளத்தில் விழுவார். குறைந்தால் மேல்விளிம்பின் தட்டையான மேடையில் விழுவார். இதில் தேர்ந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. பெரிய போட்டிகள் நடக்கும் இடங்களுக்கெல்லாம் இவர்களே வரவழைக்கப்படுகிறார்கள்.

குதிமேடையின் கணக்கு

பூங்கா மேலாளராக உயர்பவர் கற்க வேண்டியவற்றில் மிகக் கடினமானது பனி சார்ந்ததன்று, இயற்பியல் சார்ந்தது. உயரத்திலிருந்து கீழே விழுவது மட்டும் ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை. விழுபவரின் பாதையும் அவர் இறங்கும் சரிவும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதே முக்கியம். இரண்டும் ஏறத்தாழ இணையாக இருந்தால், பத்து மீட்டர் பறந்தவரும் மெதுவாகச் சரிவில் ஒட்டிக்கொள்வார். தட்டையான இடத்தில் இறங்கினால் அதே பயணம் எலும்பை முறிக்கும்.

இதை அளக்க, சமான வீழ்ச்சி உயரம் என்ற அளவை பொறியாளர்கள் பயன்படுத்துகின்றனர். சரிவுக்குச் செங்குத்தான திசையில் உள்ள வேகத்தை மட்டும் எடுத்து, அந்த வேகம் பெற எவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழ வேண்டும் என்று கணக்கிடுவதே இது. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் இறங்கும் ஒருவரின் பாதைக்கும் சரிவுக்கும் இடையில் 15 பாகை இருந்தால், சமான வீழ்ச்சி உயரம் அரை மீட்டர்தான். ஒரு நாற்காலியிலிருந்து குதிப்பது போன்றது. கோணம் 30 பாகையானால் அது 1.8 மீட்டரைத் தாண்டுகிறது. 45 பாகையானால் 3.7 மீட்டர், அதாவது மாடியிலிருந்து தரையில் குதிப்பதற்குச் சமம். சறுக்குபவரின் வேகம் இம்மூன்றிலும் ஒன்றே. மாறியது பனியின் வடிவம் மட்டுமே, அந்த வடிவத்தைக் கொடுத்தது இரவில் இயந்திரம் ஓட்டியவர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மான்ட் ஹப்பர்டு, கொலராடோ சுரங்கக் கல்லூரியின் ஜேம்ஸ் மெக்நீல் ஆகியோர் இத்துறையில் விரிவாக எழுதியவர்கள். ஒருவர் எந்த வேகத்தில் பறந்து வந்தாலும் சமான வீழ்ச்சி உயரம் ஒரே அளவாக இருக்கும்படி இறங்குசரிவை வடிவமைக்க முடியும் என்று இவர்கள் காட்டினர். விளிம்புக்கு முந்தைய கடைசிப் பகுதி வளைவாக இருந்தால் அது சறுக்குபவரைப் பின்புறமாகத் தலைகீழாகச் சுழற்றிவிடக்கூடும், ஆகவே அப்பகுதி நேராக இருக்க வேண்டும் என்பதும் இவர்களது ஆய்வின் முக்கிய முடிவு.

இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னோக்வால்மி கணவாயிலுள்ள தளத்தில், இளைஞர் ஒருவர் குதிமேடையின் இறங்குசரிவைத் தாண்டித் தட்டையான பகுதியில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 2007-ல் நடுவர் குழு அவர் மீதும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று கண்டு, அதைக் கழித்த பிறகு ஏறத்தாழ 1.4 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. குதிமேடை எப்படித் திட்டமிடப்பட்டது, யார் அளந்தார் என்ற கேள்விகளே வழக்கின் மையமாக இருந்தன. அதுவரை கண்ணளவிலும் அனுபவத்திலும் கட்டிவந்தவர்களுக்கு, கண்ணளவு என்பது நீதிமன்றத்தில் ஒரு விடையாகாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

தொழில்துறை பொறியியல் தரநிலையை எளிதில் ஏற்கவில்லை. பனியின் வேகம் மணிக்கு மணி மாறுகிறது, எவ்வளவு வேகத்தில் வருவது என்பதைச் சறுக்குபவரே முடிவு செய்கிறார், எனவே ஒரே விதியில் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்பது தளங்களின் வாதம். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், மாறக்கூடியவை பல இருக்கின்றன என்பது அளக்கக்கூடியதையும் அளக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. இன்று பல குழுக்கள் சாய்வுமானி, மின்னணு மட்டக்கருவி, செயற்கைக்கோள் உதவியுடன் பனியின் ஆழத்தைக் காட்டும் இயந்திரத் திரை ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றன. ஏஎஸ்டிஎம் தரநிலை அமைப்பின் பனிச்சறுக்குக் குழுவும் குதிமேடைகளைத் தனியே ஆராய்ந்துவருகிறது. சுவிட்சர்லாந்தில் விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யூ, பூங்காக்களைத் திட்டமிடுவது பற்றிய வழிகாட்டியை வெளியிட்டுள்ளது.

சறுக்குபவரை நோக்கிய எச்சரிக்கையும் பணியாளரின் வேலையில் சேரும். அமெரிக்கத் தேசியப் பனிச்சறுக்குத் தளங்கள் சங்கமும் பர்ட்டன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஸ்மார்ட் ஸ்டைல் என்ற திட்டம், சிறிதில் தொடங்கு, திட்டமிடு, எப்போதும் பார், பிறரை மதி, நிதானமாக இரு என்ற ஐந்து விதிகளைக் கூறுகிறது. பூங்காவின் நுழைவாயிலில் நீள்வட்ட ஆரஞ்சுக் குறியுடன் இவை எழுதப்பட்டிருக்கும். அமைப்புகள் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சட்டை அளவுகளைப் போல் வகைப்படுத்தப்படுகின்றன. ஒரு தளத்தின் எம் இன்னொரு தளத்தில் எல் ஆக இருப்பது இந்த முறையின் குறை.

பருவமும் பிழைப்பும்

வடக்கு அரைக்கோளத்தில் பருவம் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மிச்ச ஏழு மாதம் என்ன செய்வது என்பதே இத்தொழிலில் ஒருவர் நீடிப்பதையும் வெளியேறுவதையும் தீர்மானிக்கிறது.

ஒரு வழி, குளிர்காலத்தைப் பின்தொடர்ந்து போவது. ஏப்ரலில் கொலராடோவில் வேலை முடிந்தவர், ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை நியூசிலாந்தின் கார்ட்ரோனாவிலோ ஆஸ்திரேலியாவின் பெரிஷர், த்ரெட்போ தளங்களிலோ சேர்கிறார். இப்படி ஆண்டுக்கு இரண்டு பருவம் உழைப்பவர், ஓரிடத்தில் இருப்பவரை விட இரு மடங்கு விரைவாக அனுபவம் பெறுகிறார். ஷேப்பர்களிடையே மதிப்புள்ள தகுதி இது. 2015-ல் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் பெரிஷரை வாங்கியதும் ஒரே முதலாளியின் கீழ் இரு அரைக்கோளங்களிலும் வேலை பார்க்கும் வாய்ப்பு உண்டானது. தொடர்ந்து ஆறேழு ஆண்டு கோடையையே காணாமல் இருப்பவர்களும் உள்ளனர். முப்பது வயதை நெருங்கும்போது இவர்களில் பலர் ஓரிடத்தில் தங்க விரும்பித் தொழிலை மாற்றிக்கொள்கின்றனர்.

இடம் பெயர்வதற்கு விசா வேண்டும். அமெரிக்கா செல்லும் வெளிநாட்டு மாணவர்கள் ஜே-1 என்ற நான்கு மாதம் வரையிலான விடுமுறை வேலை விசாவில் வருகின்றனர். டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை விடுமுறை உள்ள அர்ஜென்டினா, பெரு மாணவர்கள் இதில் அதிகம். பழகிய இயந்திர ஓட்டுநர்களைத் தளங்கள் எச்-2பி விசாவில் வரவழைக்கின்றன. எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 66,000 என்ற வரம்பு அதற்கு உண்டு. ஆஸ்திரேலியா 2024-ல் இந்தியர்களுக்கும் வேலை-விடுமுறை விசாவைத் திறந்தது. 18 முதல் 30 வயது வரையுள்ளோருக்குக் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 1,000 இடங்கள் தரப்படுகின்றன.

இன்னொரு வழி, ஊரிலேயே இருந்து வேறு வேலை பார்ப்பது. மலையிலேயே கோடையில் மிதிவண்டிப் பூங்கா நடத்தும் தளங்களில், பனியில் குதிமேடை கட்டியவர் மண்ணில் கட்டுகிறார். வளைவு பற்றிய கைப்பழக்கம் இரண்டுக்கும் பொது. கட்டட வேலை, தோட்ட வேலை, காட்டுத்தீ அணைக்கும் குழு என்று போவோரும் உண்டு. பற்றவைப்பு தெரிந்தவருக்குத் தளத்திலேயே கோடை வேலை கிடைக்கிறது. அடுத்த பருவத்துக்கான ரெயில்களும் பாக்ஸ்களும் கோடையில்தான் பட்டறையில் செய்யப்படுகின்றன. ஆகவே பூங்காவில் ஆண்டு முழுவதும் வேலை வேண்டும் என்று விரும்புபவருக்கு மூத்தவர்கள் தரும் அறிவுரை, ஸ்நோபோர்டில் இன்னொரு சுழற்சி கற்பதை விட்டுப் பற்றவைப்பு கற்றுக்கொள் என்பதே.

ஓரிகன் மாநிலத்தின் ஹுட் மலை ஒரு விதிவிலக்கு. அங்குள்ள டிம்பர்லைன் தளத்தின் பால்மர் பனிவெளியில் கோடையிலும் சறுக்க முடியும் என்பதால் இளைஞர் முகாம்கள் அங்கு நடக்கின்றன. வெயிலில் இளகும் பனியை இறுக்க அதன்மேல் உப்பு தூவுகின்றனர். உப்பு மேற்பரப்பில் சிறிது பனியை உருக்குகிறது, அதற்கான வெப்பத்தை அடியிலுள்ள பனியிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அது இறுகுகிறது. எவ்வளவு தூவுவது, எப்போது தூவுவது என்பதை இங்கு கற்றவர்கள் வசந்தகாலப் போட்டிகளுக்குத் தேடப்படுகின்றனர்.

ஊதியம் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆள் பற்றாக்குறையால் திணறிய வெய்ல் ரிசார்ட்ஸ் 2022-23 பருவத்தில் வட அமெரிக்கத் தளங்களில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்தியது. அதற்கு முன் பல இடங்களில் இது கணிசமாகக் குறைவு. இலவசச் சறுக்கு அனுமதிச்சீட்டு, உபகரணத் தள்ளுபடி ஆகியவையும் கிடைக்கின்றன. ஆனால் மலை ஊர்களின் வீட்டு வாடகை விடுமுறைக்கு வரும் பணக்காரர்களை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. நிறுவனம் தரும் விடுதியில் இடம் கிடைக்காதவர் ஓர் அறையில் நான்கு பேராகத் தங்குவதும், வேனில் உறங்குவதும் அரிதல்ல. தனியாக இருக்கும் இருபது வயதில் இது ஒரு சாகசமாகத் தெரியலாம். குடும்பம் வந்த பிறகு அப்படித் தெரிவதில்லை. தொழிலை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் பனியின் மீது வெறுப்பு கொண்டு போவதில்லை, வீட்டு வாடகையால் போகின்றனர்.

கல்வி

ஷேப்பர் ஆவதற்கு அமெரிக்காவில் அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. மலை மீட்புக் காவலருக்கு முதலுதவிச் சான்றிதழ் கட்டாயமாக இருப்பதுடன் ஒப்பிட்டால் இது வியப்புக்குரியது. மேலாளர் பதவியை நோக்குபவர்களுக்குச் சில கல்லூரிகள் உதவுகின்றன. கொலராடோ மவுண்டன் கல்லூரியின் லெட்வில் வளாகத்தில் பனிச்சறுக்குத் தள இயக்கம் ஒரு பாடத்திட்டமாக உள்ளது. மிச்சிகனின் கோகிபிக் சமுதாயக் கல்லூரிக்குச் சொந்தமாகவே ஒரு பனிச்சறுக்குக் குன்று உண்டு. மாணவர்களே அதை நடத்துகின்றனர். கனடாவின் நெல்சன் நகரிலுள்ள செல்கிர்க் கல்லூரியும் இத்துறையில் பெயர் பெற்றது. பனி இயந்திர நிறுவனங்களும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன.

மேலாளரும் அதற்கு அப்பாலும்

பூங்கா மேலாளர் ரேக்கைத் தொடுவது குறைவு. வரவுசெலவு, ஆட்சேர்ப்பு, பனி உற்பத்திக் குழுவுடன் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நடத்தும் பேரம், காப்பீட்டு ஆய்வாளரின் வருகை, விபத்து நடந்த இடத்தை அளந்து புகைப்படம் எடுப்பது என்று அவரது நாள் போகிறது. இதில் தேறியவர்கள் முழு மலையின் இயக்குநராகவும் உயர்ந்திருக்கிறார்கள். பூங்காவில் பனி, இயந்திரம், ஆட்கள், சட்டம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் மோதுவதால், மலை நிர்வாகத்துக்கு அது நல்ல பயிற்சிக்களம்.

இரண்டாவது கிளை ஒப்பந்த நிறுவனங்கள். கிறிஸ் கன்னர்சன் 1990களில் ஸ்னோ சம்மிட் தளத்தில் பூங்கா வேலை பார்த்தவர். அவர் தொடங்கிய ஸ்னோ பார்க் டெக்னாலஜீஸ் நிறுவனம் எக்ஸ் கேம்ஸ் தடங்களைப் பல ஆண்டுகள் கட்டியது. ஜெர்மனியின் ஆல்காய் பகுதியிலுள்ள ஷ்னீஸ்டெர்ன் ஐரோப்பாவில் இத்தகைய நிறுவனம். இவற்றில் சேரும் ஷேப்பர் ஆண்டில் பல நாடுகளில் வேலை பார்க்கிறார். போட்டி நாள் நெருங்கும்போது ஓய்வு என்பதே இல்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கின்போது சைப்ரஸ் மலையில் மழை பெய்து பனி கரைந்ததால், வைக்கோல் கட்டுகளை அடுக்கி, வேறு இடத்திலிருந்து லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து போட்டி நடத்தினர். தொலைக்காட்சியில் அந்தத் தடங்கள் வெள்ளையாகத்தான் தெரிந்தன.

பயிற்றுநராக மாறுவது மூன்றாவது வழி. அமெரிக்கப் பயிற்றுநர் சங்கம் சாகசச் சறுக்கலுக்கெனச் சிறப்புத் தகுதி வழங்குகிறது. கனடாவின் ஸ்நோபோர்டு பயிற்றுநர் சங்கத்தில் பூங்காப் பயிற்சிக்கு இரண்டு நிலைகள் உள்ளன. வருமானம் மாணவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றாலும் பகல் வேலை என்பது பலரை ஈர்க்கிறது.

குறுகிவரும் குளிர்காலம் இத்தொழிலை நேரடியாகத் தாக்குகிறது. ஒரு பெரிய குதிமேடைக்கும் அரைக்குழாய்க்கும் தேவைப்படும் பனியைக் கொண்டு பல சறுக்குப் பாதைகளை மூடிவிட முடியும் என்பதால், பனி குறைந்த ஆண்டில் முதலில் கைவிடப்படுவது பூங்காவே. 22 அடி அரைக்குழாயைப் பராமரிக்கும் தளங்கள் பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்துள்ளன. அவ்வாறு ஓர் அரைக்குழாய் நிறுத்தப்படும்போது அதை வெட்டத் தெரிந்தவரின் வேலையும் போகிறது. மறுபுறம், 2005-ல் திறந்த ஸ்கீ துபாய், 2019-ல் நியூஜெர்சியில் திறந்த பிக் ஸ்னோ, 2020-ல் ஆஸ்லோ அருகே திறந்த ஸ்னோ போன்ற உள்ளரங்குகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. அங்கே சிறிய ரெயில்களும் பாக்ஸ்களும் அடிக்கடி இடம் மாற்றி வைக்கப்படுகின்றன. பன்னிரண்டு மாதச் சம்பளம் கிடைக்கும் ஷேப்பர் வேலைகளில் கணிசமானவை இப்போது வானம் தெரியாத இத்தகைய கூரைகளின் கீழ்தான் உள்ளன.